மிதவையின் மட்டம்

நம் வாப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் சொட்டியபோது, கார்புரேட்டரை நாமே திறந்தோம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புதிய வண்டிகளில் பெரும்பாலும் காணக் கிடைக்காத பொருள் அது. கிண்ணத்தினுள் ஒரு மிதவை. பெட்ரோல் உயர உயர்ந்து, ஊசியால் வழியை அடைப்பது. மட்டம் மிகுந்தால் வழியும். குறைந்தாலோ வேகத்தில் எஞ்சின் பட்டினி கிடக்கும். தலைகீழாகக் கவிழ்த்து, மிதவையின் நாக்கு ஊசியைத் தொட்டும் தொடாமலும் நிற்க, அதன் உயரத்தை அளத்தல் வேண்டும். நாமோ ஊசியின் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் அளந்து, நாக்கை வளைத்துவிட்டோம்!

சொட்டு நின்றது, அகமகிழ்ந்தோம். மறுநாள் வாப்பாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்கையில், மேட்டில் வண்டி திணறி நின்றது. வாப்பா ஒன்றும் சொல்லாமல் இறங்கி, மெல்ல நடக்கத் தொடங்கினார்கள். வண்டியைத் தள்ளியவாறு பின்தொடர்ந்தோம்.