யாருடைய பாதம்?

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே, கடல் மட்டத்திலிருந்து 2,243 மீற்றர் உயரத்தில், ஒரு பாறையும் அதன்மேல் பாதம் போன்ற ஒரு பள்ளமும் உள்ளன. சைவர் அதனைச் சிவபெருமானின் பாதம் என்பர். பௌத்தர் புத்தபிரானின் பாதம் என்பர். இஸ்லாமியர் ஆதிபிதா ஆதம் பதித்த பாதம் என்பர். கிறிஸ்தவருள் ஒரு சாரார் புனித தோமையாரின் பாதம் என்பர். சிவனொளிபாதமலை, ஸ்ரீபாத, பாவா ஆதம் மலை என அதற்குப் பெயரும் பல. நான்கு பெருஞ்சமயங்கள் ஒரே கல்லை உரிமை கொண்டாடும் இடம் உலகில் அரிது.

சமய ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டென இம்மலையைப் பலர் போற்றுகின்றனர். வரலாறோ அவ்வளவு எளிதாக இல்லை. முதலாம் விஜயபாகு மன்னன் (1055–1110) யாத்திரிகரின் உணவுக்காகக் கிராமத்தை மானியம் விட்ட செய்தியை அம்பகமுவைக் கல்வெட்டு கூறுகின்றது. 14ஆம் நூற்றாண்டில் மொரோக்கோவிலிருந்து வந்த இபுன் பதூதா இதன் உச்சிக்கு ஏறினார். 16ஆம் நூற்றாண்டிலே சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் மலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தான். 18ஆம் நூற்றாண்டிலே கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதனை மீண்டும் பௌத்த பிக்குமாரிடம் அளித்தான். பாதம் யாருடையது என்ற கேள்வியின் பின்னால், காணிக்கை யாருடையது என்ற கேள்வியும் மறைந்தே நின்றது.

இம்மலையின் அடிவாரத்துத் தோட்டப் பகுதியொன்றில் நான் ஆசிரியனாகப் பணியாற்றினேன். என் வகுப்பில் 32 பிள்ளைகள். ஒருநாள், தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள் என்னிடம் வந்து கேட்டாள்:

“சேர், மலையில இருக்கிறது யாரோட பாதம்? சமய பாடத்துல எங்களுக்கு ஒண்ணு சொல்றாங்க, அவங்களுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒரு ஆளோட பாதந்தானே இருக்கும்?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நமது பாடசாலைகளிலே கணிதமும் விஞ்ஞானமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. சமய பாடத்துக்கு மணியடித்தால் மட்டும் ஒரே வாங்கில் இருந்தவர்கள் எழுந்து வெவ்வேறு அறைகளுக்குப் பிரிகின்றனர். பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என ஐந்து பாடநூல்கள். தத்தம் சமயத்தைக் கற்பது பிள்ளைகளின் உரிமை. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், பக்கத்து அறையில் என்ன கற்பிக்கப்படுகின்றது என்பதை அறியும் வாய்ப்பு அவர்களுக்கு எங்கே உண்டு? பௌத்தப் பிள்ளைகளோ எங்கள் பக்கத்து அறையில் கூட இல்லை. மொழியின் பெயரால் அவர்கள் வேறொரு பாடசாலைக்கே முன்னதாகப் பிரிந்து போயிருந்தனர்.

அவ்வாண்டு, அதாவது 2019இல், யாத்திரைக் காலம் முடியுமுன்னர் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலையேறினோம். திரும்பி வந்தபின், சமய பாடத்துக்குப் பிரியுமுன்னர், எல்லோரையும் ஒன்றாக இருத்தி ‘மலையில் நான் கண்டவை’ என்று ஒரு கட்டுரை எழுதச் செய்தேன். பின்னர் ஒருவர் எழுதியதை மற்றவர்கள் கேட்கும்படி வாசிக்கச் சொன்னேன்.

முழங்கால் வலித்ததைப் பற்றி எல்லோரும் எழுதியிருந்தனர். விடியற்காலைக் குளிரைப் பற்றி எழுதினர். உச்சியிலுள்ள மணியை, எத்தனை முறை மலையேறினோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும் என்பது வழக்கம். ஒரு மூதாட்டி அடித்த மணியை எண்ணி எண்ணிக் களைத்துப்போன கதையை ஒருவன் எழுதினான். இறங்கி வரும் சிங்கள யாத்திரிகர் ஏறுபவரைப் பார்த்து “கருணாவை” என்று வாழ்த்துவர். ‘அது எங்கட கருணை என்ற சொல்தானே!’ என ஒரு மாணவி வியந்திருந்தாள். தன்சலில் முன்பின் அறியாதவர்கள் அழைத்துத் தேநீர் கொடுத்ததை அநேகர் எழுதினர். ‘இது எங்கள் கோவில் அன்னதானம் மாதிரி’ என்றான் ஒருவன். ‘எங்கள் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி மாதிரி’ என்றாள் இன்னொருத்தி. என்னிடம் கேள்வி கேட்ட சிறுமியோ, மேலேயுள்ள கடைகளுக்கு மாவும் சீனியும் சுமக்கும் தன் தகப்பனாரைப் படிக்கட்டில் கண்டதை எழுதியிருந்தாள்.

32 கட்டுரைகளில் ஒன்றிலேனும், பாதம் யாருடையது என்ற விசாரணை இருக்கவில்லை.

சமயங்களின் பொது நிலத்தை அறிஞர்கள் நூல்களிலே தேடுகின்றனர். நமக்கு விரும்பாததைப் பிறர்க்குச் செய்யலாகாது என்னும் கருத்தைச் சீனத்துக் கொன்பூசியசிடமும், யூத ஞானி ஹில்லேலிடமும், மகாபாரதத்திலும் அவர்கள் கண்டு காட்டுவர். அது பயனுள்ள பணியே. எனினும், சிக்காகோவில் சர்வமத மகாசபை கூடியது 1893இல். 21 ஆண்டுகள் கழித்து, ஒரே வேதத்தை ஓதிய ஐரோப்பிய நாடுகளே ஒன்றையொன்று கொன்று குவித்தன. நம் நாட்டிலும் 1915இன் கலவரத்தையோ, 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதையோ, நூலிலிருந்த நல்வாக்கு எதுவும் தடுக்கவில்லை.

குழந்தை நூலில் தேடுவதில்லை. தாகத்துக்குத் தண்ணீர் தந்த கையைப் பார்க்கின்றது. சுமை தாங்கும் தோளைப் பார்க்கின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் வழிவந்தவர் அச்சிறுமியின் தகப்பனார். எந்தச் சமயத்தார் பசியாறினாலும், அந்த மாவு அவர் தோளின்மேல் வந்ததுதான். ஈவோர் எல்லாச் சமயத்திலும் இருக்கின்றனர். ஏந்தும் நிலையில் உள்ளோரும் எல்லாச் சமயத்திலும் இருக்கின்றனர். இந்த உண்மையைத் தொடாத சமய ஒற்றுமை, மேடையோடு முடிந்துவிடும்.

அவ்வாண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. பாடசாலை மீண்டும் திறந்தபோது பிள்ளைகளின் புத்தகப் பைகள் வாசலில் சோதிக்கப்பட்டன. என் வகுப்பில் ஒரு கத்தோலிக்கச் சிறுவனும் ஒரு முஸ்லிம் சிறுமியும் ஒரே வாங்கில் இருந்தனர். சிறுவனின் தந்தை வந்து, மகனை வேறிடத்தில் இருத்துமாறு கேட்டார். அவருடைய அச்சத்தை நான் குறை கூறமாட்டேன். இறந்தோரின் உடல்களைத் தொலைக்காட்சியில் கண்ட நாள்கள் அவை. ஆனால் சிறுவன் எழுந்திருக்கவில்லை.

“ஏன்பா? மலையில நான் வழுக்கி விழப் போனப்ப இவதானே கையப் புடிச்சா?” என்றான்.

தந்தை சற்று நேரம் நின்றார். பின்பு ஒன்றும் கூறாது சென்றார். அவ்விருவரும் ஆண்டு முடியும்வரை அதே வாங்கில் இருந்து படித்தனர்.

இதனால் நாடு திருந்திவிட்டது என்று நான் கூற வரவில்லை. அந்த ஆண்டே மே மாதத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. ஆயினும், அச்சிறுவனின் மனத்தில் வெறுப்பு நுழைய முயன்றபோது, அங்கே ஒரு நினைவு காவல் நின்றது. அந்நினைவைத் தந்தது எந்தப் பாடநூலும் அன்று. ஒன்றாக ஏறிய ஏற்றமே தந்தது.

ஆசிரியத் தோழர்களே, சமய பாடத்தைப் பிரித்து நடத்தும் அதிகாரம் நம்முடையதன்று. அதனை மாற்றக் காலம் எடுக்கும். ஆனால், வாரத்தில் ஒரு பாடவேளை, பிள்ளைகள் தாம் கற்றதை ஒருவருக்கொருவர் சொல்லச் செய்வது நம் கையில் இருக்கின்றது. பக்கத்துச் சிங்களப் பாடசாலையின் கதவைத் தட்டுவதும் நம்மால் இயலும். யாருடைய பாதம் என்று பெரியவர்கள் வழக்காடிக்கொண்டிருக்கட்டும். நம் பிள்ளைகள் சேர்ந்து நடக்கப் பழகட்டும்.