காப்பு மோதிரமும் காக்கும் கரமும்

காப்பு என்பது கையில் கட்டிக்கொள்வதா, கடவுள் தருவதா? இந்தக் கேள்வி இவ்வாண்டு எங்கள் நன்னெறி வகுப்பில் எழுந்தது.

விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்து பயிலும் மாணவியர் நாங்கள். எங்களுள் காப்பு அணியாதவர் மிகச் சிலரே. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசையன்று சென்று கட்டிவந்த கயிறு ஒருத்தியின் மணிக்கட்டில். தர்காவில் ஓதிக் கட்டிய தாயத்து ஒருத்தியின் கழுத்தில். வேளாங்கண்ணியில் வாங்கிய, பத்து மணிகளும் சிலுவையும் கொண்ட செபமாலை மோதிரம் ஒருத்தியின் விரலில். கத்தோலிக்க மாணவியர் பலர் மாதாவின் அற்புதப் பதக்கத்தை அணிந்துள்ளனர். இவற்றுள் எது பக்தி, எது மூடநம்பிக்கை? நம்முடையது பக்தி, பிறருடையது மூடநம்பிக்கை என்று சொல்லிவிடுவது எளிது. சிஸ்டர் அதற்கு இடம் தரவில்லை. "முதலில் தேடிப் படியுங்கள், பிறகு பேசுங்கள்" என்றார்கள்.

தேடினோம். பண்டைத் தமிழர் தம் குழந்தைகளுக்கு ஐம்படைத்தாலி அணிவித்தனர். திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு ஆகிய ஐந்து படைகளின் வடிவம் கொண்ட காப்பணி அது. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன், தாலியைக்கூடக் களையாத இளம் வயதில் போருக்கு வந்தான் என்று புறநானூற்றில் இடைக்குன்றூர் கிழார் வியக்கிறார். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் பழைய மோதிரங்கள் கிடைத்துள்ளன. ஆனால், அவற்றில் தமிழ் பிராமியில் உள்ளவை உரியவரின் பெயர்கள். அவை முத்திரை மோதிரங்கள்.

காப்புக்காகவே எழுத்துப் பொறித்த மோதிரங்களைப் பற்றி அறியக் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் கார்லைல் நகருக்கு அருகே 1817-இல் ஒரு பொன் மோதிரம் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அதில் 30 ரூனிக் எழுத்துகள் உள்ளன. 27 வெளிப்புறத்தில், 3 உட்புறத்தில். அவற்றின் பொருள் இன்றுவரை தெளிவாக விளங்கவில்லை. இரத்தப் பெருக்கை நிறுத்தும் மந்திரமாக இருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். கவென்ட்ரியில் கிடைத்த 15-ஆம் நூற்றாண்டுப் பொன் மோதிரமோ கிறிஸ்தவருடையது. வெளியே இயேசுவின் ஐந்து திருக்காயங்கள். உள்ளே அக்காயங்களே தனக்கு மருந்து என்னும் இலத்தீன் வாசகம். அதை அடுத்து மூன்று ஞானிகளின் பெயர்களும், 'அனனிசப்தா' என்ற புரியாத மந்திரச் சொல்லும்! செபமும் மந்திரமும் ஒரே வளையத்துக்குள் அருகருகே இருப்பதை அறிந்து வியந்தோம்.

திருச்சபைக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. குருக்கள் தாயத்து செய்யக் கூடாது என்று 4-ஆம் நூற்றாண்டிலேயே லவோதிக்கேயா சங்கம் தடை விதித்தது. அப்படியானால் எங்கள் பதக்கம்? 1830-இல் பாரிஸ் நகரில் புனித கத்தரீன் லபூரே கண்ட காட்சியின்படி செய்யப்பட்டது அது. 1832-இல் அந்நகரில் காலரா பரவியபோது முதல் பதக்கங்கள் மக்களுக்கு வழங்கப்பட்டன. அதைச் சுற்றி எழுதியிருப்பது மந்திரமன்று. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று அன்னையிடம் கேட்கும் விண்ணப்பம். கத்தரீனோ தாம் கண்ட காட்சியை வெளியே பேசாமல், 1876-இல் இறக்கும்வரை முதியோருக்குப் பணிவிடை செய்தார். பதக்கம் இருக்கிறதே என்று அவர் கைகட்டி இருக்கவில்லை.

இதை நாங்கள் கண்ணாரக் கண்டதும் உண்டு. விடுதியில் தங்கியுள்ள எங்கள் தோழி ஒருத்திக்கு ஓர் இரவு கடுங்காய்ச்சல். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுவதற்காகக் கையிலிருந்த தாயத்தைக் கழற்றச் சொன்னபோது, "பாட்டி கட்டியது, கழற்றினால் ஏதாவது ஆகிவிடும்" என்று அவள் அழுதாள். உடன் சென்ற விடுதி சிஸ்டர் கயிற்றை அறுக்கவில்லை. பொறுமையாக முடிச்சை அவிழ்த்து, கைக்குட்டையில் முடிந்து, தலையணைக்கு அடியில் வைத்தார்கள். "உன் பாட்டியின் அன்பு இங்கேயே இருக்கட்டும், மருந்தும் ஏறட்டும்" என்று சொல்லி, விடியும்வரை அவள் கையைப் பிடித்தபடி செபமாலை சொன்னார்கள். அவள் குணமடைந்து வந்தபின், காப்பாற்றியது எது என்று வகுப்பில் பெரிய விவாதமே நடந்தது. அவள் மட்டும், "எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இரவெல்லாம் என் கையை ஒருவர் விடவேயில்லை" என்றாள்.

விவாதத்தின் முடிவில் சிஸ்டரின் விரலில் இருந்த மோதிரத்தைப் பற்றிக் கேட்டோம். "இறுதி வார்த்தைப்பாட்டின்போது அணிந்தது. இது என்னைக் காப்பதற்காக அன்று, நான் கொடுத்த வாக்கைக் காப்பதற்காக" என்றார்கள். உடனே ஒரு தோழி எழுந்தாள். "எங்கள் ஊர் தீமிதித் திருவிழாவிலும் அப்படித்தான் சிஸ்டர்! காப்புக் கட்டிய நாள் முதல் அப்பா விரதம் காப்பார்" என்றாள். சிஸ்டர் மகிழ்ந்து தலையசைத்தார்கள்.

அன்பான பெற்றோரே, தோழியரே! பொதுத்தேர்வு நெருங்குகிறது. கயிறுகளும் பதக்கங்களும் இன்னும் கூடும். எங்கள் நலம் நாடும் உள்ளங்கள் கட்டுவதை நாங்கள் எள்ளி நகையாட மாட்டோம். ஆயினும், அச்சத்தால் அணியாமல் அன்பால் அணிவோம். படிக்க வேண்டிய பாடத்தைப் படித்துவிட்டு அணிவோம். பக்கத்துப் படுக்கைத் தோழிக்குக் காய்ச்சல் என்றால், அவள் கையில் என்ன கட்டியிருக்கிறது என்று பார்க்காமல், அந்தக் கையைப் பிடித்துக்கொள்வோம்.