சின்ன இங்கிலாந்து

நுவரெலியா செல்வோர் 'சின்ன இங்கிலாந்து' என்ற அதன் பட்டப்பெயரைக் கேளாது திரும்புவதில்லை. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம், குளிர், குதிரைப் பந்தயத் திடல், செங்கல் தபாற்கந்தோர்: பெயர் பொருந்தத்தான் செய்கிறது. ஆயினும் அஃது ஊர் ஊராய்த் திரிந்த பெயர். வெயில் காயும் பார்படோஸ் தீவுக்கும், கப்பற் செல்வத்தாற் செழித்த கிரேக்கத்து அந்திரோஸ் தீவுக்கும் அதுவே வழங்கிற்று. அந்திரோசைக் களமாகக் கொண்ட நாவலொன்று 1997இல் அப்பெயருடனேயே வெளிவந்து, 2013இல் திரைப்படமுமாயிற்று. போயர் யுத்த காலத்தில், பேரரசு விரிவதை எதிர்த்த ஆங்கிலேயரையும் 'சின்ன இங்கிலாந்துக்காரர்' என்றே ஏளனஞ் செய்தனர்.

நுவரெலியாவிலே தேயிலை நட்ட நம்மவர் இப்பெயரை இட்டவரல்லர். துரைமார் தோட்டங்களுக்குத் தம் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்ட, தொழிலாளரோ தமக்கெனத் தமிழ்ப் பெயர்களை வழங்கினர். சென்றமுறை ஒரு லயத்துக்கு வழி வினவினோம். பலகையிலிருந்த ஆங்கிலப் பெயர் உதவவில்லை. தமிழ்ப் பெயரைச் சொன்னதும் மூதாட்டியொருவர், "அட, நம்ம தோட்டமா! வாங்க" என்று முன்னே நடந்தார்.