சிலந்தி மேல் போட்ட பழி

பென்னலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், காலண்டருக்குப் பின்னால் ஒரு பெரிய சிலந்தி குடியிருக்கிறது. உள்ளங்கை அகலம் இருக்கும். வலை கட்டாத ஜாதி. ராத்திரியில் கரப்பான் பூச்சியைப் பிடித்துத் தின்னும். எழுபதைத் தாண்டிய எனக்கும் அதைப் பார்த்தால் நெஞ்சு திக்கென்றுதான் இருக்கும்.

ஏன் இத்தனை பேருக்கு இந்தப் பயம்? 2017-ல் ஜெர்மனி, சுவீடன் ஆய்வாளர்கள் ஆறு மாதக் குழந்தைகளுக்குச் சிலந்திப் படங்களையும் பூக்களின் படங்களையும் காட்டினார்கள். சிலந்தியைப் பார்த்தபோது கண்ணின் பாவை கூடுதலாக விரிந்ததாம். அதாவது, பிறவியிலேயே ஓர் உஷார் இருக்கிறது. ஆனால் அலறுவதைக் குழந்தை நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

நான் கற்றது புதுச்சேரியில். பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார் ஒரு பழமொழி சொல்வார்: காலையில் சிலந்தியைக் கண்டால் துக்கம், மாலையில் கண்டால் நம்பிக்கை. வீட்டில் அம்மாவுக்குக் காலை மாலை பேதமே கிடையாது. "மேலே பட்டா கொப்புளம் போட்டுடும்டா!" என்று துடைப்பத்தோடு ஓடி வருவார். திருவானைக்காவலில், லிங்கத்துக்கு வலையால் பந்தல் போட்ட சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று கதை சொன்னவரும் அதே அம்மாதான்.

நம் பாஷையிலேயே சிலந்தி என்றால் கட்டி, கொப்புளம் என்றும் பொருள் உண்டு. அசுத்தமான குளத்து நீரைக் குடித்ததால் வந்த புழு நோய்க்கும் 'நரம்புச் சிலந்தி' என்றே பெயர். 2000-ல் அந்த நோய் இந்தியாவில் ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெயர் மட்டும் சிலந்தி மேல் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பழியை நம்பி நானே ஏமாந்தேன். போன ஐப்பசியில் வலது விலாவில் நெருப்பு வைத்தாற்போல் எரிச்சல். இரண்டு நாளில் முதுகிலிருந்து மார்புவரை பட்டையாகக் கொப்புளங்கள். "எட்டுக்கால் பூச்சி வேலைதான்" என்றாள் மனைவி. நானும் தலையாட்டினேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி ஐந்து நாள் ஓட்டினோம். அதற்குள் சட்டை பட்டாலே உயிர் போனது.

கடைசியில் மருமகள்தான் டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, சின்ன வயசில் அம்மை போட்டதா?"

வந்தது அக்கி. சின்னம்மைக் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து, வயதான பிறகு கிளம்புகிறதாம். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் நல்ல பலன் கிடைக்கும் என்றார். எனக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டிருந்தது. கொப்புளம் ஆறிவிட்டது, நரம்பு வலி இன்னும் ராத்திரியில் எழுப்புகிறது.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு பட்டையாகக் கொப்புளம் வந்தால், பூச்சியைத் தேடாதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

நேற்று பேத்தி, "தாத்தா, சிலந்தி!" என்று கத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்கும் திக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. "இருக்கட்டும்மா, கரப்பான் பிடிக்க வந்திருக்கு" என்றேன். துடைப்பம் கதவுக்குப் பின்னாலேயே இருந்தது.