உள்ளது உள்ளபடி

வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்தபின் புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண் நிலம் பசுமை பூணுகிறது. கண்மாய்களில் நீர் தளும்புகிறது. வரப்புகளில் கோரை நிமிர்கிறது. அந்நாள்களில் தொலைவிலிருந்து வந்த விருந்தினர் இங்கே தங்கியிருக்கின்றனர். மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக அமர்கின்றன. சேற்று வயல்களில் மஞ்சள் வாலாட்டிகள் வாலசைத்து நடக்கின்றன. வீரையும் உலக்கைப்பாலையும் அடர்ந்த கோயிற்காடுகளின் சருகுத்தரையில் பலவண்ண ஆறுமணிக்குருவி இரை தேடுகிறது.

இவ்விருந்தினருள் எளிதில் கண்ணில் படாதது பிளித் நாணல் கதிர்க்குருவி. அதன் எடை ஏறத்தாழ 12 கிராம். மேலே மங்கிய பழுப்பு, கீழே வெளிறிய நிறம். பட்டையோ புள்ளியோ இல்லை. வேலிப்புதருக்குள் 'டக், டக்' என ஒலிப்பதாலேயே அதன் இருப்பு புலப்படும். கிழக்கு ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் இச்சிற்றுயிர், பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, குளிர்காலத்தை இந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது.

இதனை ஒளிப்படம் எடுப்பது பொறுமையின் கலை. காலைக் கதிர் சாய்வாக விழும் முதல் இரண்டு மணி நேரமே உகந்த வேளை. வெயில் ஏறினால் நிழல்கள் கறுக்கும். தரையிலிருந்து எழும் வெப்பக்காற்று உருவத்தை நெளியச் செய்யும். கிளைக்குக் கிளை தாவும் குருவியின் அசைவைப் பிடிக்க, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே கருவியின் கதவம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் புகும் ஒளி சொற்பம். அதை ஈடுசெய்ய உணர்திறனைக் கூட்டினால், படமெங்கும் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். ஆகவே எடுத்த படத்தைக் கணினியில் செப்பனிட நேர்கிறது. புள்ளிகளைக் குறைக்கலாம், நிழலில் மறைந்த கண்ணைத் துலக்கலாம், வேண்டாத விளிம்புகளை வெட்டலாம், காலை நிழல் ஏற்றிய நீலச்சாயலை நீக்கி, கண் கண்ட நிறத்தை மீட்கலாம்.

மீட்பதற்கும் மிகைப்படுத்துவதற்கும் இடையே நூலிழைத் தொலைவுதான் உண்டு. கதிர்க்குருவிகள் பலவும் ஒன்றையொன்று ஒத்தவை. பழுப்பின் சாயல், கண்ணுக்கு மேலுள்ள வெளிர்கோட்டின் நீளம், சிறகுநுனியின் நீட்சி ஆகிய நுண்ணிய அடையாளங்களே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. பழுப்பில் அழகில்லை என்றெண்ணிச் சற்றே மஞ்சளைக் கூட்டினால் குருவியின் பெயரே மாறிவிடக்கூடும். கூர்மையை மிகுத்தால் இல்லாத கோடுகள் எழும். இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ தெளிவற்ற இடங்களில் தாமே இறகுகளை வரைந்து நிரப்ப வல்லவை. அவ்விறகு எந்தப் பறவைக்கும் உரியதன்று.

அப்படியாயின் கலைஞனுக்கு உரிமையே இல்லையா என்னும் வினா எழலாம். இதே மாவட்டத்துச் சித்தன்னவாசலில், 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியத் தாமரைக்குளத்தில் பறவைகளும் மீன்களும் யானையும் உலவுகின்றன. அவற்றை எவரும் கணக்கெடுப்பில் சேர்ப்பதில்லை. அது கற்பனை என்பதை ஓவியமே உரைக்கிறது. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைக் கருப்பு வெள்ளையில் படம்பிடித்தார். நிறம் முழுவதும் நீங்கியும் அப்படங்கள் எவரையும் ஏமாற்றவில்லை. நீங்கியது எது என்பது வெளிப்படை. மாற்றம் பிழையன்று, மறைத்த மாற்றமே பிழை.

ஏனெனில் ஒளிப்படம் 'இது இங்கே இருந்தது' எனச் சாட்சி கூறுகிறது. தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. மாணவரும் உழவரும் கூட அதில் பங்கேற்கலாம். ஐயத்திற்குரிய பதிவுகளுக்கு ஒளிப்படமே சான்று. ஒரு கண்மாயைக் காக்க வாதிடுவோர்க்கும் அத்தகைய பதிவுகள் துணை நிற்கும். பொய்ப்படம் ஒன்று புகுந்தால் மெய்ப்படங்கள் நூறும் ஐயத்திற்கு ஆளாகும். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில், 2017-இல் பரிசு பெற்ற எறும்புத்தின்னிப் படம் மறு ஆண்டே தகுதி நீக்கப்பட்டது. படத்திலிருந்தது பெரும்பாலும் பாடம் செய்யப்பட்ட விலங்கே என அருங்காட்சியகம் முடிவுசெய்தது.

இந்நேர்மை கணினியின் முன் தொடங்குவதன்று. புதரின் முன்பே தொடங்குகிறது. பதிவுசெய்த குரலை ஒலிக்கச் செய்து குருவியை வெளியே இழுப்பதும், கல்லெறிந்து கிளப்புவதும் அதன் இரைதேடும் பொழுதைக் களவாடுவதாகும். திரும்பும் பயணத்திற்கு வேண்டிய கொழுப்பை அது இங்குதான் சேர்த்தாக வேண்டும்.

கோடை முற்றும் முன் அக்குருவி வடக்கு நோக்கிப் பறந்துவிடும். அது தங்கிச்சென்ற புதரில் தடமேதும் இராது. எஞ்சுவது படம் ஒன்றே. அச்சாட்சி மங்கலாக இருக்கலாம். பொய்யாக இருத்தல் ஆகாது.