கசிவின் பூர்வீகம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு வாங்கிய நாளிலிருந்து யாரும் கேஸ் போட்டதில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேலாகச் சமையலறை மூலையில் முனகிக்கொண்டே ஓடுகிறது. காருக்கோ பங்குனி பிறந்தால் கேஸ் போடுவது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டுவதுபோல வருஷச் செலவாகிவிட்டது. இரண்டுக்குள்ளும் ஓடுவது அதே ஆர்-134ஏ வாயுதான். அதை அழுத்திச் சூடாக்கி, சூட்டை வெளியே தள்ளி, பிறகு சட்டென்று விரியவிட்டுக் குளிர்விப்பது என்ற வேலையும் ஒன்றுதான். அப்படியிருக்க ஒன்று மட்டும் ஏன் ஒழுகிக்கொண்டே இருக்கிறது?

போன கோடையில் சென்னை புதுப்பேட்டைப் பக்கம் ஏசி வேலை மட்டும் பார்க்கும் பாய் ஒருவரிடம் வண்டியை விட்டிருந்தேன். அதுவரை போன இடங்களில் எல்லாம் "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்று நிரப்பி அனுப்பினார்கள். இருந்த கேஸ் எங்கே போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. பாய் நைட்ரஜன் ஏற்றி, பைப் இணைப்புகளிலும், சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார். எங்கும் குமிழ் வரவில்லை. ஆனால் கேஜில் முள் இறங்கிக்கொண்டே இருந்தது.

"கூலிங் காயில்தான் சார். டேஷ்போர்டு இறக்கணும்."

"இத்தனை வருஷம் கேஸ் போட்டாங்களே பாய், யாருமே இதைச் சொல்லலையே?"

"சொன்னா ரெண்டு நாள் வேலை சார். கேஸ் போட்டு அனுப்பிட்டா ஒரு மணி நேரம்."

அவர் இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்து வண்டிகளில் இந்தத் தொல்லையே கிடையாதாம். இப்போது வருவதெல்லாம் பேப்பராம். சொன்னதோடு நிற்காமல் உள்ளே போய் அம்பாசடரில் இருந்து கழற்றிய பழைய காயில் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். செம்புக் குழாய், மேலே அலுமினியத் தகடுகள். நல்ல கனம். "இதுல ஓட்டை விழுந்தா வெல்டு வெச்சு ஓட்டிடலாம்" என்றார். டேஷ்போர்டு இறக்கிக் கழற்றிய என் காரின் காயிலை இன்னொரு கையில் வாங்கினேன். முழுக்க அலுமினியம், ஒரு நோட்டுப் புத்தகத்தின் எடைகூட இருக்குமா என்று சந்தேகம் வந்தது.

பழசு உறுதி, புதுசு பேப்பர் என்ற பேச்சை மிக்ஸி முதல் மின்விசிறி வரை எல்லாவற்றுக்கும் கேட்டு வளர்ந்தவன் நான். அதில் உண்மை எவ்வளவு என்று இந்த ஒரு பொருளிலாவது பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

கார் கம்பெனி ஒன்று விற்ற முதல் ஏசி 1939 நவம்பரில் சிகாகோ கார் கண்காட்சியில் நின்றது. அமெரிக்காவின் பேக்கார்ட் கம்பெனி தன் 1940 மாடல் கார்களில் 274 டாலர் கூடுதலாக வாங்கிக்கொண்டு அதைப் பொருத்திக் கொடுத்தது. காயிலும் ஃபேனும் பின்னால் டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டன. கம்ப்ரஸர் முன்னால், இன்ஜினில் இருந்து வரும் பெல்ட்டில். இரண்டுக்கும் நடுவே வண்டியின் நீளத்துக்குக் குழாய் ஓடியது. இப்போது ஏசி ஸ்விட்சைப் போட்டதும் 'டிக்' என்று கேட்கிறதே, அந்த கிளட்ச் அதில் கிடையாது. இன்ஜின் ஓடும் வரை கம்ப்ரஸரும் ஓடும். குளிர் போதும் என்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும். காரில் உட்கார்ந்திருக்கும் முதலாளியம்மாவுக்கு டிரைவர் செய்துகொடுத்த வேலை அது என்று நினைக்கிறேன். 1941-க்குப் பிறகு பேக்கார்ட் இதைக் கைவிட்டது.

இந்தக் கதையைப் பலரும் வேடிக்கைக்காகச் சொல்வார்கள். எனக்கு அந்த பெல்ட்தான் கண்ணில் பட்டது. ஏனென்றால் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1927-இல், ஜெனரல் எலெக்ட்ரிக் விற்கத் தொடங்கிய வீட்டு ஃபிரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைக்கப்பட்டுவிட்டன. உள்ளே மோட்டார் சுற்றுகிறது, அங்கேயே வாயு அழுத்தப்படுகிறது; வெளியே வருவது ஒட்டி மூடிய குழாயும் மின்கம்பியும்தான். என் வீட்டு ஃபிரிட்ஜ் ஒழுகாததற்குக் காரணம் அந்தக் கூடு.

காரில் அது முடியாது. கம்ப்ரஸரைச் சுற்ற வைப்பது வெளியே இருக்கும் இன்ஜின். ஆகவே சுழலும் ஷாஃப்ட் ஒன்று கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டித்தான் ஆக வேண்டும். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றும் தண்டைச் சுற்றி வாயு வெளியேறாமல் காப்பது ஒரு சீல். அந்த சீலும் தானாகக் காப்பதில்லை. அதன்மேல் படியும் ஆயில் படலத்தின் தயவில் காக்கிறது. மாதக்கணக்கில் ஏசி போடாமல் விட்டால் படலம் காய்ந்து கேஸ் நழுவும். குளிர்காலத்திலும் அவ்வப்போது சில நிமிஷம் ஏசியை ஓடவிடுங்கள் என்று கார் கையேடுகள் சொல்வது இதற்காகத்தான். மலைப்பிரதேசத்தில் இருப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படிப்பதே இல்லை.

பெல்ட்டோடு இன்னும் இரண்டு தொல்லைகள் வந்தன. இன்ஜின் ஆடும், பாடி அதனோடு ஆடாது. ஆகவே இடையில் ரப்பர் ஹோஸ் வேண்டும். ரப்பர் வழியாக வாயு மெல்ல ஊடுருவும். தொழிற்சாலையில் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக வந்து வண்டியில் சேர்வதால் ஒவ்வொரு இணைப்பிலும் ஓ-ரிங் வேண்டும். ஆக, பாய் சொன்ன அந்தக் காலத்து வண்டியும் கட்டாயம் ஒழுகியிருக்கிறது. 1954-இல் நாஷ் கம்பெனி எல்லாவற்றையும் டிக்கியில் இருந்து முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, ஹீட்டரோடு சேர்த்து ஒரே அமைப்பாக்கியது. குழாயின் நீளம் குறைந்தது, ஆனால் பெல்ட்டும் சீலும் அப்படியே இருந்தன.

அப்படியென்றால் பழைய ஆட்கள் ஏன் அதை உணரவில்லை? கணக்கு எளிது. பெரிய அமெரிக்க கார்களில் ஒரு கிலோவுக்கு மேல் கேஸ் இருந்தது. அதில் ஐம்பது கிராம் போனால் யாருக்குத் தெரியும்? குறைந்தால் கடையில் சின்ன டப்பா வாங்கி ஊற்றிக்கொண்டார்கள். என் காரில் மொத்தமே 400 கிராம் சொச்சம். அதே ஐம்பது கிராம் இங்கே எட்டில் ஒரு பங்கு.

சட்டமும் இந்தக் கசிவை ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் கொண்டுவந்த கார் ஏசி உத்தரவு, ஒரே காயில் உள்ள வண்டியில் ஆண்டுக்கு 40 கிராம் வரை கசியலாம் என்று வரம்பு வைத்தது. இரண்டு காயில் என்றால் 60 கிராம். புத்தம்புது வண்டிக்கு வைத்த வரம்பு இது. அந்த வரம்பைத் தொட்டு ஒழுகும் ஒரு சின்னக் கார் ஐந்தே வருஷத்தில் பாதி கேஸை இழந்துவிடும், எந்தப் பாகமும் கெட்டுப்போகாமலேயே.

எதற்காக கேஸின் அளவைக் குறைத்தார்கள் என்றால், அது தாமஸ் மிட்ஜ்லியிடம் போய் முடிகிறது. பெட்ரோலில் ஈயம் கலந்தவரும் அவர்தான். ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த அவர் 1930-இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் ஃப்ரியான் வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுவர்த்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நச்சில்லை, தீப்பிடிக்காது. அந்த நம்பிக்கையில்தான் பேக்கார்ட் முதல் நம் அம்பாசடர் வரை ஆர்-12 என்ற அந்த ஃப்ரியான் நிரப்பப்பட்டது. ஒழுகினால் என்ன, காற்றோடு போகிறது என்று விட்டார்கள். 1974-இல் வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் அது ஓசோனைத் தின்கிறது என்று எழுதினார்கள். 1985-இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓட்டை உலகறிந்தது. 1987-இல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. கசிவு ஒரு குற்றமாக மாறியதும், கேஸின் அளவு குறையத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் அதன் மூலக்கூறு ஆர்-12ஐவிடச் சிறியது. பழைய ரப்பரில் சுலபமாக நுழைந்துவிடும். அதனால் ஹோஸுக்குள் நைலான் உறை வந்தது. பழைய கனிம ஆயிலோடு அது கலக்கவில்லை; ஆகவே பிஏஜி ஆயில் வந்தது. அந்த ஆயிலுக்கோ காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம். சிஸ்டத்தைத் திறந்துவிட்டு வேக்யூம் சரியாக எடுக்காமல் கேஸ் ஏற்றினால் ஈரம் உள்ளேயே தங்கி அமிலமாக மாறும். சென்னைக் காற்றில், அதுவும் ஐப்பசி மழையில், மூடி திறந்த ஆயில் டப்பாவை மேஜைமேல் வைத்திருக்கும் கடைகளை நானே பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் சீல், ஹோஸ், இணைப்பு மூன்றிலும் இன்றைய வண்டி பழசைவிட நிச்சயம் மேல். பாய் சொன்னது அங்கே தப்பு. ஆனால் காயில் விஷயத்தில் அவர் கையில் வைத்துக் காட்டியது சரி.

செம்பைவிட அலுமினியத்தின் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எடை குறைந்தால் பெட்ரோல் மிச்சம். தட்டையான, மெல்லிய அறைகள் கொண்ட அலுமினியக் குழாய்களை அடுக்கி, அடுப்பில் ஒரே மூச்சில் பற்றவைக்கும் முறை வந்த பிறகு, குறைந்த இடத்தில் குறைந்த கேஸில் நல்ல குளிர் கிடைத்தது. அந்தக் குழாய்களின் சுவர் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. செம்பில் அரிப்பு தொடங்கினால் அரித்துத் தீர்க்க நிறைய உலோகம் இருந்தது. இதில் ஒரு புள்ளி போதும். அந்தப் புள்ளி விழுகிற இடமும் மோசமான இடம். காயில் எப்போதும் ஈரம். நாம் இழுத்துவிடும் தெருப் புழுதியும் புகையும் கடற்காற்றின் உப்பும் அந்த ஈரத்தில் கரைந்து ஊறுகின்றன. ஏசி ஃபில்டர் இருந்தால் புழுதியாவது குறையும். சில கார்களின் விலை குறைந்த மாடல்களில் ஃபில்டர் போட இடம் இருக்கிறது, ஃபில்டர் இல்லை. சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்த அந்த முடிவை எடுத்தவர் யாரோ, டேஷ்போர்டு இறக்கும் கூலியை அவரிடம் வாங்க வேண்டும்.

புதுக் காயில் வாங்க, கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். ஒரே காருக்கு மூன்று தரத்தில் எடுத்துப் போட்டார்கள். கம்பெனி பெட்டியில் வந்தது, வேறு பெயரில் வந்தது, பெயரே இல்லாமல் வந்தது. கடைசியின் விலை முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு. பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். உள்ளே என்ன அலாய், சுவர் எவ்வளவு கனம், மேலே அரிப்பைத் தடுக்கும் பூச்சு உண்டா என்பதெல்லாம் கையில் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிற சமாச்சாரம் இல்லை. "காயில் சின்ன விலை சார், கேஸ நல்லதா போடுங்க" என்றார் கடைக்காரர், சம்பந்தமில்லாதது மாதிரி. அது சம்பந்தமில்லாத பேச்சு இல்லை என்பது பிறகு விளங்கியது. 2011-இல் குளிர்பதனக் கப்பல் கண்டெய்னர்கள் சில வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். வியட்நாமில் பழுது பார்த்தபோது 134ஏ என்ற பெயரில் ஏற்றிய போலி வாயுவில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்று பட்டாலே பற்றிக்கொள்ளும் பொருளை உண்டாக்கிவிட்டது. உள்ளே அலுமினியம் இருக்கும் எந்த ஏசிக்கும், என் கார் உட்பட, அந்த ஆபத்து பொருந்தும்.

கேஸ் மட்டும் நிரப்பி அனுப்பும் வழக்கம் இன்னொரு விதத்திலும் வண்டியைக் கொல்கிறது. கம்ப்ரஸருக்கான ஆயில் தனியாக ஒரு தொட்டியில் இருப்பதில்லை; கேஸோடு கலந்து சுற்றி வருகிறது. கேஸ் குறைந்தால் ஆயில் திரும்பி வராது. வறண்டு ஓடும் கம்ப்ரஸர் தேய்ந்து, உலோகத் தூளைக் கண்டென்சரின் நுண்குழாய்களுக்குள் தள்ளும். பழைய செம்புக் கண்டென்சரைக் கழுவி எடுக்கலாம். இதைக் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஒரு புள்ளி ஓட்டை மூன்று பாகங்களின் விலையாவது இப்படித்தான்.

டேஷ்போர்டைத் திரும்ப ஏற்றும்போது பாயிடம் பெல்ட்டின் கதையைச் சொன்னேன். பேட்டரி கார்களில் அது தீர்ந்துவிட்டது என்றேன். 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸ் ஹைபிரிட் காரிலேயே டொயோட்டா பெல்ட்டை எடுத்துவிட்டு, மோட்டாரையும் கம்ப்ரஸரையும் ஒரே கூட்டுக்குள் வைத்துவிட்டது. ஷாஃப்ட் வெளியே வருவதில்லை, சீல் இல்லை. காயிலும் ஓ-ரிங்கும் ஹோஸும் மட்டும் மிச்சம்.

"அப்ப காயில் மாத்தற வேலை இருக்கும்" என்றார்.

இருக்கும் என்றேன். ஆனால் ஆயில் வேறு. உள்ளே உயர் மின்னழுத்த மோட்டார் அந்த ஆயிலிலேயே நனைகிறது. மின்சாரத்தைக் கடத்தாத ஆயில்தான் வேண்டும். பழைய பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலும் காப்பு கெட்டுவிடும். கேஜின் ஹோஸில் ஒட்டியிருக்கும் மிச்சம்கூட ஆபத்து. பல பேட்டரி கார்களில் இதே கேஸ்தான் பேட்டரியையும் குளிர்விக்கிறது. அங்கே கசிந்தால் வியர்வையோடு போகாது, சார்ஜ் ஏறுவதே மெதுவாகிவிடும்.

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, பில் புத்தகத்தின் பின்னட்டையையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

"அந்த ஆயில் பேரு எழுதிக் குடுங்க சார். ஜி.பி. ரோட்டுல யாராவது வெச்சிருக்காங்களான்னு கேக்கறேன்."

பிஓஇ என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன்.