வாசலில் நிற்கும் மின்சாரம்

கேன்டன், மிச்சிகன்

அன்புள்ள நண்பருக்கு,

போன வாரம் போனில் நீங்கள் கேட்டதைத்தான் இங்கே மரக்கடை வாசலில் முன்பின் தெரியாதவர்களும் கேட்கிறார்கள்: "ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" மூன்று வருஷம் ஓட்டிய பிறகு எனக்கு வேறு இரண்டு விஷயங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? பின்னால் எதைக் கட்டி இழுக்கப் போகிறீர்கள்? இந்த இரண்டையும் சொல்லுங்கள், மின்சார பிக்-அப் உங்களுக்குச் சரிப்படுமா என்று சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், 2022 மாடல். எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில், டியர்பார்னில் செய்தது. டெட்ராய்ட் வட்டாரத்துக்கு மின்சார வண்டி புதிதல்ல. டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற கார் 1907 முதல் இங்கேதான் தயாரானது. ஊரெல்லாம் பெட்ரோல் கார் விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா தனக்கென்று வைத்திருந்தது அதில் ஒன்றைத்தான்.

எங்கள் வண்டியின் எடை ஏறக்குறைய மூன்று டன். பேட்டரி 131 யூனிட் மின்சாரம் கொள்ளும். நிறைந்திருந்தால் 515 கிலோமீட்டர் என்பது அரசுக் கணக்கு. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் 400 லிட்டர் கொள்ளும் டிக்கி. மழையில் நனையக் கூடாத காய்கறிப் பைகளெல்லாம் அதற்குள்தான் போகும்.

கராஜ் சுவரில் 240 வோல்ட் சார்ஜர் மாட்டியிருக்கிறோம். ராத்திரி ஒன்பது மணிக்குச் செருகினால் விடிவதற்குள் நிறைந்துவிடும். எங்கள் வீட்டுக் கட்டணம் யூனிட்டுக்குச் சுமார் 18 சென்ட், 100 கிலோமீட்டருக்கு ஆறு டாலருக்குள் அடங்கும். இதே அளவு பெட்ரோல் பிக்-அப்புக்குப் பத்து டாலர் ஆகும். நெடுஞ்சாலையோர வேக சார்ஜரில் யூனிட்டுக்கு 55 சென்ட் வரை கொடுத்திருக்கிறேன். அப்போது அதே 100 கிலோமீட்டர் 17 டாலரைத் தொடுகிறது, பெட்ரோலைவிட அதிகம். அதனால்தான் அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் நண்பர்கள் கேட்டால், சொந்தமாக ஒரு பிளக் அமையும்வரை பொறுத்திருங்கள் என்கிறேன். பெட்ரோல் வரி கட்டாததற்கு ஈடாக, வருஷா வருஷம் பதிவுக் கட்டணத்திலும் கூடுதலாக ஒரு தொகை வாங்குகிறார்கள்.

டிரெய்லர் விஷயத்துக்கு வருகிறேன். மகனை ஹௌட்டனில் கல்லூரியில் சேர்க்க, கட்டில், புத்தகம், சைக்கிள் எல்லாவற்றையும் ஒரு வாடகை டிரெய்லரில் ஏற்றிக் கிளம்பினோம். ஹௌட்டன் மிச்சிகனின் வடகோடியில் இருக்கிறது, சுமார் 880 கிலோமீட்டர். நாலரை டன் வரை இழுக்கும் வலு வண்டிக்கு உண்டு. நாங்கள் ஏற்றியது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த டிரெய்லர் பெட்டி வடிவம், வண்டியைவிட உயரம். நெடுஞ்சாலை வேகத்தில் அந்தச் சுவரைக் காற்றுக்கு எதிராகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பே சிட்டிக்கு 185 கிலோமீட்டர் போவதற்குள் முக்கால்வாசி பேட்டரி காலி.

அங்கே நான்கு சார்ஜர்களில் இரண்டின் திரை இருண்டு கிடந்தது. மற்ற இரண்டும் கார் முகப்பை உள்ளே விட்டு நிறுத்துகிற மாதிரி அமைந்தவை. டிரெய்லரோடு நுழைந்தால் பின்பாதி பாதையை அடைத்துவிடும். எனவே கழற்ற வேண்டும். சக்கரத்துக்கு அடியில் கட்டை, விளக்கு ஒயரைப் பிடுங்கு, இரண்டு சங்கிலியையும் அவிழ், ஜாக்கைச் சுற்றிச் சுற்றி டிரெய்லரின் மூக்கைத் தூக்கு. பிறகு முக்கால் மணி நேரம் சார்ஜ். 80 சதவீதத்துக்கு மேல் மின்சாரம் மெதுவாகத்தான் ஏறும், காத்திருப்பதில் பலனில்லை. பிறகு எல்லாவற்றையும் மறுபடி மாட்டு. ஐந்து தடவை இப்படி நின்றோம். ஒரே நாளில் முடிய வேண்டிய பயணத்துக்கு இரண்டு நாள் ஆனது.

அதே வருஷம் இலையுதிர் காலத்தில், தட்டையான டிரெய்லரில் அதைவிடக் கனமான கருங்கல் பலகைகளை இழுத்தேன். ஓடும் தூரம் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. டிரெய்லர் இழுப்பவர்கள் சுமையின் எடையைவிட அதன் உயரத்தைத்தான் பார்க்க வேண்டும். எந்தக் கம்பெனி வண்டியானாலும் காற்றுக்கு ஒரே கணக்குதான். குளிரிலும் கணிசமாகக் குறையும். வெளியே மைனஸ் 15 டிகிரி என்றால் எங்களுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. சூடு கொடுக்க எஞ்சின் இல்லை, உள்ளே ஹீட்டருக்கும் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும். பிளக்கில் இருக்கும்போதே வண்டியைச் சூடுபடுத்திவிட்டுக் கிளம்புவது இங்கே வழக்கமாகிவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் இந்த வண்டியை நான் விற்கமாட்டேன். காரணம் 2023 பிப்ரவரியில் நடந்தது. பெய்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்து, கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்து கம்பிகளின் மேல் விழுந்தன. மிச்சிகன் முழுக்க லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனது. எங்கள் பேஸ்மென்ட்டில் ஒரு குழி உண்டு. நிலத்தடி நீர் அதில் ஊறும், ஒரு மோட்டார் அதை வெளியே தள்ளும். மோட்டார் நின்றால் சில மணி நேரத்தில் தரையெல்லாம் தண்ணீர். டார்ச் அடித்துப் பார்த்தபோது விளிம்புக்கு நான்கு விரற்கடைதான் பாக்கி.

வண்டியின் பின்தொட்டியில் வீட்டில் இருப்பது போலவே பிளக் பாயின்ட்டுகள் உண்டு, வண்டி முழுக்கச் சேர்த்து 9.6 கிலோவாட் வரை கொடுக்கும். பேஸ்மென்ட் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரை விட்டேன். மோட்டார் ஒரு உறுமலோடு ஓடத் தொடங்கியது. இன்னொரு ஒயரில் ஃபிரிட்ஜும் ஒரு சின்ன ஹீட்டரும். மூன்றாவது ஒயர் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் மோட்டாருக்குப் போனது. எஞ்சின் சத்தமில்லை, புகையில்லை. 36 மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது பேட்டரி 92 சதவீதத்திலிருந்து 43க்கு இறங்கியிருந்தது.

முழுக்க மின்சாரத்தில் ஓடும் லைட்னிங்கை இனிச் செய்வதில்லை என்று ஃபோர்டு கம்பெனிக்காரர்கள் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். அடுத்து வரப்போவதில், பேட்டரியை வழியிலேயே நிரப்ப ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரும் இருக்குமாம். பே சிட்டியில் ஜாக் சுற்றிய என் கைகளுக்கு அதன் நியாயம் புரிகிறது. பின்தொட்டியில் அந்த பிளக் பாயின்ட்டுகளை மட்டும் அவர்கள் எடுத்துவிடக் கூடாது.

இன்று ராத்திரியும் உறைமழை வரும் என்கிறார்கள். வண்டி சார்ஜரில் இருக்கிறது. வேலிப் பக்கம் போகும் நீள ஒயரைப் பாட்டி காலையிலேயே தன் ஜன்னலருகே சுருட்டி வைத்துக்கொண்டார்.

அன்புடன்,
உங்கள் நண்பன்